செவ்வாய்க்கிழமை பிறந்தவன்

15 ஏப்ரல் 2023, சனி

என்யோனம் விழுந்துவிட்டாள். தேவாலய மண்டபத்தின் பின்வாசல் படியில், இரண்டு கையிலும் மேளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சறுக்கிவிட்டது. மேளத்துக்கு ஒன்றுமில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. அம்புலன்ஸ் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தோல் கிழிந்ததா என்று மூன்று தரம் கேட்டாள். தன் தோலையல்ல, மேளத்தின் தோலை.

இருபத்திரண்டு வருடமாக, சனி தோறும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, ஸ்காபரோவில் இந்த மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேரும் கானாக் கடற்கரையின் மேளமும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கிறோம். மேளம் அவள். மணியும் ஆட்டமும் நான். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். ஜூலை பதினைந்தாம் திகதி பூங்காவில் நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டாயிற்று.

அவளை எழுப்பி உட்காரவைக்க இவர், என் புருஷன், காரிலிருந்து ஓடி வந்தார். தன் மேல்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டார். பிறகு திரும்பக் காருக்குள் போய்விட்டார். என்னைக் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை காருக்குள் பேப்பர் படிப்பார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் மண்டபத்துக்குள் வந்ததில்லை. பனிக்காலத்திலும் அப்படித்தான். காரணம் எனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டிய தேவை இல்லை.

17 ஏப்ரல், திங்கள்

அறுவைச் சிகிச்சை முடிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். அவள் மகன் கிச்சனர் நகரத்திலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போகிறான். ஜூன் முடியும்வரை அங்கேதான்.

தொலைபேசியில், வகுப்பை நீ நடத்து என்றாள். என்னால் ஏலாது, ஜூலை நிகழ்ச்சியை விட்டுவிடுவோம் என்றேன். மருந்து மயக்கத்திலும் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி ஆங்கிலம்தான். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தால் தன் தாய்மொழியான எவேயில் இரண்டு சொல் விழும். இன்று நான்கு விழுந்தது.

18 ஏப்ரல்

குரக்கன் மா முடிந்துவிட்டது. மழை. வேறொன்றுமில்லை.

22 ஏப்ரல், சனி

தனியாக முதல் வகுப்பு. நல்லாக இல்லை.

எங்கள் ஆட்டத்தின் பெயர் அக்பாட்ஜா. உடலை முன்னால் சாய்த்து, முழங்கைகளைப் பறவையின் செட்டைபோல அடித்து, தோள்பட்டையால் ஆடுவது. மணி இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும். சுரைக்குடுவைக் கிலுக்கு அதோடு போகும். சோகோ என்ற பெரிய மேளம் ஒரு கேள்வி கேட்கும். கிடி என்ற சின்ன மேளம் பதில் சொல்லும். கேள்வி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்யோனத்தின் கைக்கு அது தெரியும். எனக்குக் காலில் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

சோகோவை டெனீஸிடம் கொடுத்தேன். பஸ் ஓட்டுகிறவள். டிரினிடாட்டில் பிறந்தவள். ஐம்பது வயது. கை வலுவானது. ஆனால் ஒவ்வொரு தரமும் அரை மூச்சு முந்திக்கொண்டு விழுந்தாள். அவள் விழ, கிடியும் விழ, கடைசியில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் மணியைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

இடைவேளையில் டெனீஸ் கேட்டாள், தமிழ் ஆளான நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று. இத்தனை வருடமாக என்யோனம்தான் அந்தக் கதையைச் சொல்லுவாள். தனக்குப் பிடித்த இடங்களைக் கூட்டிச் சொல்லுவாள். இன்று நானே சொன்னேன். 1979இல் இவருக்குக் கானாவில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்போது எத்தனையோ ஆசிரியர்கள் ஆபிரிக்காவுக்குப் போனார்கள். எங்களுக்குக் கிடைத்தது கேட்டா என்ற பட்டினத்துக்கு அப்பால் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு மணல் ஊர். நான் கீழ் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். என்யோனம் அங்கே பாடசாலை விடுதியின் சமையற்கட்டைப் பார்த்தவள். பிறகு அவளும் கனடா வந்தாள்.

போன அன்று லொறியை விட்டு இறங்கியபோது கண்ட காட்சியைத்தான் டெனீஸுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. வழி நெடுக வெங்காயப் பாத்தி. எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம்தான். பாத்திக்குப் பாத்தி வரம்பு. மண்ணைக் குவித்து, கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு பெண்கள். தென்னை. உப்புக் காற்று. இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “இதுக்கே இவ்வளவு தூரம் பிளேனிலை வந்தனாங்கள்?” என்றார்.

அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம்.

29 ஏப்ரல், சனி

இன்றும் அதேதான். டெனீஸ் முந்துகிறாள். என்யோனத்தைத் தொலைபேசியில் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவைத்தேன். வாயால் மேளம் சொன்னாள். ஆனால் தொலைபேசியில் சத்தம் பிந்தி வருகிறது. அவளும் குழம்பி நாங்களும் குழம்பினோம்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஒன்றும் கேட்கவில்லை. தமிழ்க் கடையில் முருங்கையிலை நல்லாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்தேன் என்றார்.

மனம் பழையதிலேயே நிற்கிறது. எழுதிவிட்டால் போய்விடும் என்று எழுதுகிறேன்.

1983 கானாவில் பஞ்சம். மழையில்லை. உள்நாட்டில் காடெல்லாம் எரிந்தது. நைஜீரியாவிலிருந்து லட்சக்கணக்கான கானாக்காரரைத் துரத்தி அனுப்பினார்கள். அவர்களும் வந்து சேர்ந்தார்கள். சந்தையில் மரவள்ளி மாவு கண்ணில் படாது. மஞ்சள் சோளத்துக்கு வரிசை. எங்களுக்கு மீன் இருந்ததால் பிழைத்தோம். ஜூலைக் கடைசியில் பிபிசியில் கொழும்புக் கலவரம் பற்றிக் கேட்டோம். செப்ரெம்பர் மூன்றாம் திகதி ஊரிலிருந்து என் ஐயாவின் கடிதம் வந்தது. தம்பி கருணாகரன் இருந்த வெள்ளவத்தை அறையை எரித்துவிட்டார்கள், அவன் அகதி முகாம் எதிலும் இல்லை, அகதிகளை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி வந்த கப்பலிலும் வரவில்லை என்று எழுதியிருந்தார். இருபத்தாறு வயது. உடலும் இல்லை. நாளும் இல்லை.

நான் சமையற்கட்டுக்குப் போய் என்யோனத்திடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பின்னேரம் அவள் பதினைந்து இருபது பெண்களோடு எங்கள் முற்றத்துக்கு வந்தாள். எல்லாரும் கறுப்பும் சிவப்பும் உடுத்திருந்தார்கள். பஞ்சத்தில் மெலிந்துபோன பெண்கள். யாரும் அவனைக் கண்டதில்லை. இருக்க வாங்கு போட்டார்கள், மேளம் வைத்தார்கள், அவனுக்காகப் பாடினார்கள். என்யோனம் என் கையைப் பிடித்து எழுப்பினாள். நான் ஆடினேன். அதுதான் நான் முதன்முதல் ஆடியது.

இவர் வெளியே வரவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். செத்த வீட்டில் ஆடுகிறாளே என்று வெட்கப்பட்டிருப்பார். அவர்கள் போகும்வரை வரவில்லை. நாற்பது வருடமாகிறது. நான் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

3 மே, புதன்

நேற்று குசினி மேசையில் ஒரு தாளில் மணியின் அடிகளைக் கோடு கோடாக எழுதி, மேளம் எங்கே சேர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் தேத்தண்ணீர் போட வந்தால், தாளின் கீழே பென்சிலால் பன்னிரண்டு கட்டம் போட்டிருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. ஏழு கட்டத்துக்குள் புள்ளி. அதற்குக் கீழே இன்னொரு வரி, சோகோவின் கேள்வி. நான் போட்டிருந்த இடத்தை அடித்துவிட்டு ஒரு கட்டம் தள்ளித் தொடங்கியிருந்தது. ஓரத்தில் அவருடைய எழுத்தில்: ‘முதலாவதில் அல்ல, இரண்டாவதில்.’

மணியை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். சரி. முற்றிலும் சரி.

இவர் வெளியே நடக்கப் போயிருந்தார். வந்ததும், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“ஏழு வருஷம் யன்னலுக்குள்ளாலை கேட்டது தானே,” என்றார். பிறகு பிரஷர் குளிசையை எங்கே வைத்தீர் என்று கேட்டார்.

6 மே, சனி

கட்டத் தாளைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்தேன். டெனீஸ் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து அடித்தாள். விழவில்லை. கிடி பதில் சொன்னது. கிலுக்கு சேர்ந்தது. நான் மணியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஆடவேண்டியிருந்தது. முழங்கால் நோவும் தெரியவில்லை.

இதை யார் போட்டது என்று கேட்டார்கள். என் புருஷன், வெளியே காருக்குள் இருக்கிறார் என்றேன். எல்லாரும் யன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

10 மே, புதன்

ஏப்ரல் 29 எழுதியதைத் திருப்பி வாசித்தேன். ஒரு விடயத்தை விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை.

அன்று முற்றத்தில் பாடத் தொடங்கமுதல், அவன் எந்தக் கிழமையில் பிறந்தான் என்று என்யோனம் கேட்டாள். அங்கே ஆட்களுக்குப் பிறந்த கிழமையை வைத்து ஒரு பெயர் உண்டு. நான் புதன்கிழமை. அதனால் ஊர் முழுக்க எனக்கு ‘அக்கு’. அந்தப் பெயரில் கூப்பிடும்போதெல்லாம் யாரோ ‘அக்கா’ என்று பாதியில் விட்டதுபோல இருக்கும். அவனுக்கும் அந்தப் பெயர் சொல்லிப் பாடவேண்டும். எனக்குத் தெரியவில்லை. மார்ச் பன்னிரண்டு, ஐம்பத்தேழாம் ஆண்டு என்று தெரியும். நட்சத்திரம் தெரியும். அவர்களுக்கு நட்சத்திரம் தேவையில்லை. என் சொந்தத் தம்பி பிறந்த கிழமை எனக்குத் தெரியவில்லையே என்று, அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அப்போது அறைக்குள்ளிருந்து இவருடைய குரல் கேட்டது. “செவ்வாய்.” பிறகு ஆங்கிலத்தில் ஒரு தரம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, திகதியிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஆண்பிள்ளை கோம்லா. கோம்லா என்று அவனைப் பாடினார்கள்.

அவர் வெளியே வரவில்லை என்பது உண்மை. ஆனால் இதுவும் உண்மை. இத்தனை காலமும் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

13 மே, சனி

வகுப்பு நல்லது. ஒருவருக்குத் தடிமன். கிலுக்கின் பாசிமணிக்கட்டு அறுந்து, மண்டபம் முழுக்கப் பாசி. எல்லாரும் முழங்காலில் நின்று பொறுக்கினோம்.

20 மே, சனி

வகுப்பு முடிந்து காருக்குள் ஏறும்போது கடும் மழை. கண்ணாடி தெரியவில்லை, கொஞ்சம் விடட்டும் என்று இவர் காரை எடுக்காமல் இருந்தார். அப்போது கேட்டுவிட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.

“அண்டைக்கு ஏன் வெளியிலை வரேல்லை?”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கடிதம் உமக்கு நினைவிருக்கா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார். அந்த வருடம் வைகாசியில் கருணாகரன் எழுதியிருந்தான், கொழும்பில் வேலை பிடிக்கவில்லை, கானாவில் எங்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்க ஒரு இடம் கிடைக்குமா என்று. பாடசாலை அதிபர் ஓம் என்றும் சொல்லிவிட்டார். இவர்தான் மறுத்து எழுதினார். இங்கே பஞ்சம், நாங்களே மீனைத் தின்றுகொண்டு இருக்கிறோம், நீ வந்து கஷ்டப்படாதே, கொழும்பில் மூன்று வேளையும் சோறு கிடைக்கும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று.

“அவையள் வந்து என்ரை முற்றத்திலை அவனுக்குப் பாடுகினம். நான் எந்த முகத்தோடை போய் அதிலை நிக்கிறது?” என்றார். “அவனை அங்கை இருக்கச் சொன்னது நான்.”

அவன் அவரிடம் படித்தவன். எங்கள் கலியாணப் பேச்சை வீட்டில் தொடங்கியதே அவன்தான். இவரை அத்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடைசிவரை ‘மாஸ்டர்’தான்.

மழை விட்டது. வீட்டுக்கு வந்தோம். சோறு சூடாக்கிச் சாப்பிட்டோம்.

21 மே

தலையிடி. எழுத மனமில்லை.

27 மே, சனி

வகுப்பு முடிந்தது. டெனீஸ் இப்போது கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாள். புதிதாகச் சேர்ந்த தாதி ஒருத்தியின் தோள் இன்னும் இளகவில்லை.

வரும் வழியில் இவர் வானொலியைப் போட்டார். நான் நிறுத்தினேன். அவர் திரும்பப் போடவில்லை.

31 மே, புதன்

என்யோனம் கூப்பிட்டாள். கையில் மாவுக்கட்டை எடுத்துவிட்டார்களாம். விரல் பாதிதான் மடிகிறதாம். வகுப்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். என்ன, குரல் சரியில்லையே என்றாள். தடிமன் என்றேன். உனக்குத் தடிமன் வந்தால் தும்முவாய், இப்படிக் கதைக்கமாட்டாய் என்றாள்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கடிதம் நினைவிருக்கா என்று இவர் கேட்டபோது நான் பேசாமல் இருந்தேன். எனக்கு நினைவிருக்கிறது. நீலநிற விமானத் தபால் தாள். இவர் எழுதி மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். நான் முழுக்க வாசித்தேன். அவர் எழுதியது சரி என்றுதான் நினைத்தேன். அடியில் மூன்று விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. அதில் நான் எழுதினேன்: ‘மாஸ்டர் சொல்லுறதைக் கேள். அவசரப்படாதை.’

அவன் இவர் சொன்னதைக் கேட்டிருக்கமாட்டான். எதையும் கேட்கிறவன் இல்லை. நான் சொன்னால் கேட்பான்.

3 ஜூன், சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் வகுப்புக்குப் புறப்படமுதல், அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அந்தக் கடிதத்தின் அடியில் நானும் எழுதினேன் என்று.

அவர் மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்தார்.

“தெரியும்,” என்றார். “ஒட்டினது நான்தானே.”

ஒட்டும்போது வாசித்திருக்கிறார். அப்படியென்றால் நாற்பது வருடமும் தெரிந்திருக்கிறது. நான் அவரோடு கோபித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருந்தால் என் கோபம் அன்றே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உமக்கு ஆரோடை கோவிக்கிறது? உம்மோடையோ?”

வகுப்புக்கு இருபது நிமிடம் பிந்திப் போனேன். இந்த இருபத்திரண்டு வருடத்தில் பிந்தியது இதுதான் முதல் தரம். கண் வீங்கியிருந்தது. யாரும் கேட்கவில்லை. டெனீஸ் தானாகவே வகுப்பைத் தொடங்கியிருந்தாள். வாசலுக்கு வெளியிலேயே கேட்டது. சரியாகக் கேட்டது.

7 ஜூன், புதன்

பால்கனியில் கத்தரிக் கன்று வைத்தோம். இவர் தொட்டிக்கு மண் கலந்தார், நான் நட்டேன். ஊர்க் கதை, கானாக் கதை எல்லாம் கதைத்தோம். அங்கே மஞ்சள் சோள மாவில் நான் பிட்டு அவித்தது, அது கல்லாக இறுகி இவர் கத்தியால் வெட்டித் தின்றது. விடுதி ஆடு இவருடைய வினாத்தாளைத் தின்றது. அந்தக் களப்பில் பின்னேரம் வெயில் சாயும்போது தண்ணீர் பித்தளை நிறமாவது. ஏழு வருடம் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறோம். கலவரத்துக்குப் பிறகு மூன்று வருடமும் அதற்குள் அடக்கம். அந்த ஊரின் பெயரைக்கூட வீட்டுக்குள் எடுக்காமல் விட்டுவிட்டோம்.

10 ஜூன், சனி

இவர் உள்ளே வந்தார்.

காரைப் பூட்டினார். என் பின்னால் நடந்து வந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். அரை மணித்தியாலம் ஒரு பக்கமும் திருப்பவில்லை. பிறகு கரும்பலகைக்குப் போய், நான் போட்ட கட்டத்தில் ஒரு கோடு வளைந்திருக்கிறது என்று அழித்து நேராகப் போட்டார்.

17 ஜூன், சனி

இவருக்குக் கிலுக்கைக் கொடுத்துப் பார்த்தேன். கணக்கு எல்லாம் தலையில் இருக்கிறது, கை ஒன்றும் கேட்கிறதாக இல்லை. தொடையில் தட்டித் தட்டி நாளைக்கு நீலமாகப் போகிறது. தாதி விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்குக் கோபம் வரவில்லை. உமது சனம் நல்ல சனம் என்றார், வீட்டுக்கு வந்து.

1 ஜூலை, சனி

என்யோனம் திரும்பி வந்துவிட்டாள். மணிக்கட்டில் பட்டி. மெலிந்திருக்கிறாள். வாசலில் நின்று டெனீஸ் அடிப்பதைக் கேட்டாள். முடியும்வரை உள்ளே வரவில்லை. வந்து டெனீஸின் தலையில் கையை வைத்தாள். அவ்வளவுதான். டெனீஸ் மேளத்தின்மேல் கவிழ்ந்து அழுதாள்.

பிறகு இவரைக் கண்டாள். இவர் எழும்பி நின்றார். இத்தனை வருடமாக வாசலில் கை அசைத்து, மிஞ்சினால் காலநிலை பற்றி இரண்டு வார்த்தை கதைத்த மனிதர்கள். இவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். ‘அன்று’ என்று தொடங்கி, அதற்குமேல் வரவில்லை.

என்யோனம் சொன்னாள்: “பிறந்த கிழமையைச் சொன்னது நீங்கள்தானே, மாஸ்டர். அது இல்லாமல் நாங்கள் அவனை எப்படிக் கூப்பிட்டிருப்போம்?”

அவள் எப்போதும் இவரை மாஸ்டர் என்றுதான் சொல்லுவாள், அந்தப் பாடசாலையில் எல்லா ஆசிரியர்களும் மாஸ்டர்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டு இவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

15 ஜூலை, சனி

பூங்கா நிகழ்ச்சி. நல்ல வெயில். முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். பலூனும் ஐஸ்கிறீமும் விற்கிற இரைச்சலுக்கு நடுவில் தொடங்கினோம். மூன்றாவது பாட்டில் இரைச்சல் அடங்கிவிட்டது. கானாப் பெண்கள் சிலர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வட்டத்துக்குள் வந்து ஆடினார்கள். ஒருத்தி என் நெற்றியில் ஐந்து டொலர்த் தாளை ஒட்டினாள். அவர்கள் வழக்கம். வேர்வையில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது.

மேளம் ஒரு தரம்கூடப் பிசகவில்லை. என்யோனம் பாட்டை எடுத்தாள். கை அடிக்காவிட்டாலும் குரல் பழையபடிதான்.

இவர் பைகளுக்குக் காவலாக மரத்தடியில் இருந்தார். ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

18 ஜூலை

இன்று செவ்வாய். நாங்கள் அவனுக்குத் திவசம் கொடுத்ததே இல்லை. செத்த நாள் தெரியாமல் திதி பார்க்க ஏலாது என்று ஐயர் சொன்னார், அதோடு விட்டுவிட்டோம். சனிக்கிழமை வகுப்பில் அவனுக்காக ஒரு ஆட்டம் ஆடுவோமா என்று என்யோனம் கேட்டாள். நாற்பது வருடம் ஆகிறதாம், அவள் கணக்கு வைத்திருக்கிறாள். இவரைக் கேட்டேன். சாப்பாடு நாங்கள் செய்துகொண்டு போவோம் என்றார்.

22 ஜூலை, சனி

விடிய எழும்பிச் சமைத்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, அவனுக்குப் பிடித்த வடை. இவர் உழுந்து அரைத்தார். வடைக்குத் துளை போட எனக்கு இன்னும் பொறுமை இல்லை, அவர்தான் போட்டார். என்யோனம் மீன் பொரித்துக்கொண்டு வந்தாள். அதைத் தனி மேசையில் வைத்தோம்.

பதினொரு பேரும் வந்திருந்தார்கள். பெரும்பாலும் கறுப்பு உடுத்திருந்தார்கள். என்யோனம் சொல்லியிருக்கவேண்டும். யாருக்காக என்று தெரியாமல் ஆடக்கூடாது, யாராவது சொல்லுங்கள் என்றாள். என்னைப் பார்த்தாள். நான் எழும்பமுதல் இவர் எழும்பிவிட்டார்.

வகுப்பில் நிற்பதுபோல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார். பெயர் கருணாகரன். என் மனைவியின் தம்பி. என் மாணவன். இரசாயனத்தில் கெட்டிக்காரன், கணிதத்தில் எனக்கு வெட்கக்கேடு. கொழும்பில் ஒரு அறையில் இருந்தான். எங்களிடம் வரக் கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் பொறு என்று எழுதினோம். பொறுத்தான். அவனுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

‘நாங்கள் இரண்டு பேரும்’ என்று சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது நல்லாக இருந்தது. எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிறகு டெனீஸ், மேளத்தில் கையை வைத்தபடி, மரியாதைக் குறைவாக எடுக்கவேண்டாம் என்று தொடங்கி, அவன் ஆடுவானா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் ஆடுகிற வழக்கம் இல்லை.

“ஆடுவான்,” என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “எங்கடை கலியாணத்தண்டு, லொறியிலை நிண்டு. மறந்திட்டீரோ?”

மறந்துதான் போயிருந்தேன். அவனுடைய எரிந்த அறை, அவன் வராத கப்பல், நீலத் தாள், இவைதான் என்னிடம் இருந்தன. லொறி இல்லை. பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றி, என் புகுந்த வீட்டுக்கு வந்த லொறி. பின்தட்டில் சருவப்பானைகளுக்கு நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொழும்பில் பழகிவந்த பைலா ஆடினான். சாரதி வேண்டுமென்றே குழிகளில் விட்டு ஓட்டினான். தம்பி விழவில்லை. பெரியப்பா தடியோடு பின்னால் ஓடி வந்தார்.

எப்படி ஆடுவான் என்று டெனீஸ் கேட்டாள்.

இவருக்கு எழுபத்தாறு வயது. இடது முழங்காலில் ஊசி போட்டிருக்கிறது. காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். ஓடுகிற லொறியில் நிற்கிறவன்போல உடம்பை இரண்டு பக்கமும் எறிந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஒவ்வொரு குழிக்கும் ஒரு துள்ளலாக அவன் ஆடியதை ஆடிக் காட்டினார்.

அது அவனேதான். தோள், கழுத்து, அந்த வெட்டு, எல்லாம் அவன்.

என்யோனம் சிரித்த சிரிப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெனீஸ் அவருடைய துள்ளலைப் பிடித்துக்கொண்டு சோகோவில் அடிக்கத் தொடங்கினாள்.